தொகை தந்த ஊரும் அட்டை தந்த ஆட்டமும்

திருவாரூர்ப் பூங்கோயிலின் தேவாசிரிய மண்டபம் தமிழ் இலக்கிய வரலாற்றில் தனியிடம் பெற்றது. அடியார்கள் கூடியிருந்த அம்மண்டபத்தைச் சுந்தரர் ஒதுங்கிக் கடந்து சென்றார் என்றும், அதுகண்டு விறன்மிண்டர் சினந்தார் என்றும், அச்சினமே திருத்தொண்டத்தொகை பிறக்கக் காரணமாயிற்று என்றும் மரபு கூறும். அத்தொகையில் உள்ளவை 11 பாடல்களே. அவற்றுள் தனியடியார் 60 பேரும் தொகையடியார் 9 வகையினரும் அடங்கினர். பெரும்பாலோர்க்கு அங்கே கிடைத்தது ஒரு பெயர், ஓர் அடைமொழி, சிற்சிலருக்கு ஓர் ஊர், அவ்வளவே. நாகைப் பரதவரான அதிபத்தருக்குக் கடல்சூழ்ந்த தம் ஊரின் பெயரும் தம் பெயரும் கிடைத்தன. கண்ணொளி இன்றியே கமலாலயக் குளத்தை அகழ்ந்த தண்டியடிகளுக்கு ஓர் அடைமொழி கிடைத்தது.

அச்சிறு பட்டியலை நம்பியாண்டார் நம்பி அந்தாதியாக விரித்தார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அதனை நான்காயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் கொண்ட பெருநூலாக்கினார். தொகை, வகை, விரி என்று அறிஞர் இம்மூன்றையும் வரிசைப்படுத்துவர். தொகை இல்லையேல் விரி இல்லை. குயவரும் வண்ணாரும் மீனவரும் இன்றளவும் கோயிற் பிராகாரங்களில் வரிசையாக நின்று வழிபாடு பெறுவதற்கு, முதலில் ஒருவர் அவர்தம் பெயர்களை எண்ணிச் சொன்னதே அடிப்படை.

இம்முறை சமயத்துக்கும் இலக்கியத்துக்கும் மட்டுமே உரியதன்று. கடல் கடந்த கனடா நாட்டில், சிகரெட்டுப் பெட்டிக்குள் வைக்கப்பட்ட ஒரு சிறு பட அட்டை, ஆட்ட வீரர்களுக்கு இதே பணியைச் செய்தது. அந்நாட்டின் ஐஸ் ஹாக்கி வரலாற்றையும் இந்தியாவின் தரை ஹாக்கி வரலாற்றையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். ஒன்று தன் வீரரைப் பொழுதோடு தொகுத்து வைத்தது. மற்றொன்று உலகையே வென்றும் தொகுக்கத் தவறியது.

சிகரெட்டுப் பெட்டியில் பிறந்த தொகை

ஐஸ் ஹாக்கி உறைபனித் தளத்தில் ஆடப்பெறுவது. பக்கத்துக்கு அறுவர் களத்தில் இருப்பர். காலில் பனிச்சறுக்குக் காலணி, கையில் வளைகோல், பந்துக்கு மாற்றாகப் 'பக்' எனப்படும் கருநிற ரப்பர் வட்டு. கனடாவின் நீண்ட குளிர்காலம் வளர்த்த ஆட்டம் இது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிகரெட்டுப் பெட்டிகள் மெல்லிய தாளால் ஆனவை. அவை கசங்காதிருக்க உள்ளே ஒரு தடித்த அட்டை செருகப்பட்டது. வெற்று அட்டையில் படம் அச்சிட்டால் விற்பனை பெருகும் என்பதை அமெரிக்க வணிகர் கண்டுகொண்டனர். நடிகையர், கொடிகள், பறவைகள், பின்னர் பேஸ்பால் வீரர்கள் என அட்டைகள் பெருகின. ஹாக்கி வீரர்களின் முறை 1910-11 பருவத்தில் வந்தது. கனடாவின் இம்பீரியல் புகையிலை நிறுவனத்துக்கு உரியதெனக் கருதப்படும் அத்தொகுதியில் 36 அட்டைகள். அடுத்த பருவத்தில் 45, அதற்கடுத்து 50.

1911-12 தொகுதியில் ஜார்ஜ் வெசினா என்ற இலக்குக் காவலரின் அட்டை ஒன்று உண்டு. மாண்ட்ரியால் கனடியன்ஸ் அணிக்கு அவர் 1910இல் வந்தார். அன்று தொட்டு 1925 வரை ஓர் ஆட்டத்துக்கும் வராமல் இருந்ததில்லை. 1925 நவம்பர் 28 அன்று காய்ச்சலோடு களமிறங்கியவர் ஆட்டத்தின் நடுவே சரிந்தார். காசநோய் முற்றியிருந்தது. 1926 மார்ச் 27 அன்று உயிர் நீத்தார். சிறந்த இலக்குக் காவலருக்கான கோப்பை அவர் பெயரால் இன்றும் வழங்கப்படுகிறது. தேசிய ஹாக்கி லீக் தோன்றியதே 1917இல்தான். அதற்கு முன்னரே வெசினாவின் முகம் அட்டையில் ஏறிவிட்டது என்பது கருதத்தக்கது. புகழ் வந்தபின் செய்யப்பட்ட சிலையன்று அது. புகழ் வருமுன் எழுதப்பட்ட பெயர்.

மிட்டாயும் சர்க்கரைப் பாகும்

முதல் உலகப்போர் தாளுக்குத் தட்டுப்பாடு விளைத்தது; அட்டைகள் நின்றன. போருக்குப்பின் அவை சிறுவரை நாடி மிட்டாயோடு வந்தன. 1923-24இல் வில்லியம் பேட்டர்சன் என்னும் மிட்டாய் நிறுவனம் 40 அட்டைகள் கொண்ட தொகுதி ஒன்றை வெளியிட்டது. முழுத்தொகுதியைச் சேர்த்தோர்க்குப் பரிசு உண்டு. ஆனால், பெர்ட் கார்போ என்ற வீரரின் அட்டை மட்டும் மிகக் குறைவாக அச்சிடப்பட்டது. பரிசு பெறுவோர் தொகை பெருகாதிருக்க வணிகர் செய்த தந்திரம் அது. எத்தனையோ சிறுவர்கள் ஓர் அட்டைக்காகக் காத்திருந்து ஏமாந்திருப்பர். எனினும், கிடைக்காத அட்டையே சேகரிப்போரிடையே அவ்வீரரின் பெயரை இன்றளவும் பேசவைத்தது.

1934 முதல் 1967 வரை 'பீ ஹைவ்' என்ற மக்காச்சோளச் சர்க்கரைப் பாகின் உற்பத்தியாளர் மற்றொரு வழி கண்டனர். பாகு வாங்கியதற்கான அடையாளத்தை அஞ்சலில் அனுப்பினால் விரும்பிய வீரரின் நிழற்படம் வீடு தேடி வரும். மளிகைக் கடையும் தபால் நிலையமும் சேர்ந்து ஒரு நாட்டின் ஆட்ட வரலாற்றைச் சமையலறைச் சுவர்களில் ஒட்டிய காலம் அது.

இரண்டாம் உலகப்போர் மீண்டும் அட்டைகளை நிறுத்தியது. அந்த இடைவெளியில்தான் மோரிஸ் ரிச்சர்டு தம் பெருஞ்செயலைச் செய்தார். 1944-45 பருவத்தில் 50 ஆட்டங்களில் 50 கோல்கள். அதுவரை எவரும் செய்யாத செயல். அச்செயலுக்கு அவ்வாண்டில் அட்டை இல்லை. டொரான்டோவின் பார்க்ஹர்ஸ்ட் நிறுவனம் 1951-52இல் 105 சிறிய வண்ண அட்டைகள் வெளியிட்டபோதுதான் ரிச்சர்டு தொகுதிக்குள் வந்தார். அத்தொகுதியிலேயே கார்டி ஹோவும் இருந்தார். அவ்வட்டைகள் ஒழுங்காக வெட்டப்படாதவை. ஓரங்கள் கோணலாக இருக்கும். ஆயினும் அதன்பின் தொகுப்பு மரபு பெரிதும் அறுபடவில்லை.

தொகையில் விடுபட்டவர்

தொகுப்போர் கண்ணுக்கு எல்லாரும் தென்படுவதில்லை. 1958 ஜனவரி 18 அன்று பாஸ்டன் அணிக்காக வில்லி ஓரீ களமிறங்கினார். தேசிய ஹாக்கி லீக்கில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் அவரே. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு பக் தாக்கி அவர் தம் வலக்கண் பார்வையை ஏறத்தாழ முற்றிலும் இழந்திருந்தார். வெளியில் தெரிந்தால் ஆடவிடமாட்டார்கள் என்பதால் அதனை மறைத்தே ஆடினார். கேலியும் வசையும் நிறைந்த அரங்குகளில் இரு பருவங்களில் 45 ஆட்டங்கள் ஆடினார்.

அவர் ஆடிய காலத்துப் பெருந்தொகுதிகளில் அவருக்கு அட்டை இல்லை. 1990களில்தான், பழைய வீரர்களை நினைவுகூரும் தொகுதிகளில் அவர் இடம்பெற்றார். 2018இல் ஹாக்கிப் புகழவையில் சேர்க்கப்பட்டார். 2022 ஜனவரி 18 அன்று அவருடைய 22ஆம் எண் சட்டையைப் பாஸ்டன் அணி வேறு எவருக்கும் வழங்குவதில்லை எனச் சிறப்புச் செய்தது. 1958இல் நடந்தது ஒரு சமூகத்தின் மைல்கல். அதைக் கண்டு பதிவுசெய்ய அட்டை வணிகத்துக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

இதற்கு மாறாக, 1992 செப்டம்பர் 23 அன்று தம்பா பே அணியின் பயிற்சி ஆட்டத்தில் இலக்குக் காத்த மனோன் ரியோம் என்ற பெண்மணியின் அட்டை அப்பருவத்திலேயே வெளிவந்து சேகரிப்போரால் தேடிப் பெறப்பட்டது. லீக் அணி ஒன்றில் பெண்ணொருவர் ஆடியது அதுவே முதன்முறை. காலம் மாறியது, காலத்தோடு தொகுப்போர் கண்ணும் சற்றே திறந்தது எனலாம்.

அட்டையின் பின்புறம்

சேகரிப்போர் முன்புறப் படத்தைப் போற்றுவர். வரலாற்றுக்கு வேண்டியது பின்புறம். பிறந்த ஊர், பிறந்த நாள், உயரம், எடை, ஆடிய ஆட்டங்கள், அடித்த கோல்கள், பிறர் அடிக்கத் துணைநின்ற தடவைகள் என ஆண்டுவாரியாகக் கணக்கு அங்கே இருக்கும். கனடாவின் ஓ-பீ-சீ அட்டைகளில் இக்குறிப்பு ஆங்கிலம், பிரெஞ்சு என இரு மொழிகளிலும் அச்சிடப்பட்டது. இருமொழிச் சிறுவரும் ஒரே கணக்கைப் படித்து வளர்ந்தனர்.

1979-80 ஓ-பீ-சீ தொகுதியில் மொத்தம் 396 அட்டைகள். அதில் 18ஆம் எண் அட்டை வெய்ன் கிரெட்ஸ்கியுடையது. எட்மன்டன் அணியின் நீலச்சட்டையோடு லீக்குக்குள் வந்தபோது அவருக்கு வயதும் 18. பத்தாண்டு கழித்து, 1989 அக்டோபர் 15 அன்று, அதே எட்மன்டன் நகரில், இப்போது லாஸ் ஏஞ்சல்ஸ் அணிக்காக ஆடி, கார்டி ஹோவின் 1850 புள்ளிகள் என்ற எல்லையைக் கடந்தார். 1994 மார்ச் 23 அன்று 802ஆம் கோலை அடித்து ஹோவின் 801 என்ற கணக்கையும் கடந்தார். 1999இல் ஓய்வு பெறும்போது அவர் கணக்கு 894 கோல்கள். 2025 ஏப்ரல் 6 அன்று ருசிய வீரர் அலெக்சாண்டர் ஒவெச்கின் 895ஆம் கோலை அடித்தபோது உலகம் அதை அந்த நொடியிலேயே அறிந்தது. காரணம் எளிது. எதைக் கடக்கவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எண்ணப்படாத எல்லையை எவரும் கடக்கமுடியாது.

கிரெட்ஸ்கியின் அந்த முதல் அட்டை, மாசு மறுவற்ற நிலையில், 2021இல் 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விலைபோயிற்று. விலை பற்றிய வியப்பு ஒருபுறமிருக்க, 1990இல் புதிய நிறுவனங்கள் பல புகுந்து கணக்கின்றி அச்சிட்டதால் அக்காலத்து அட்டைகள் பெரும்பாலும் மதிப்பிழந்து கிடப்பதையும் காணவேண்டும். எல்லாவற்றையும் அச்சிடுவது தொகையாகாது. தொகைக்குத் தேர்வும் வேண்டும், அளவும் வேண்டும்.

எட்டுப் பொற்பதக்கங்கள்

இனி இந்தியாவின் நிலையை நோக்கலாம். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணி 29 கோல்கள் அடித்தது, ஒன்றுகூட வாங்கவில்லை. அவற்றுள் 14 தியான்சந்த் அடித்தவை. 1932இல் லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்காவை 24-1 என வென்றபோது அவர் தம்பி ரூப்சிங் ஒருவரே 10 கோல்கள் அடித்தார். 1936 ஆகஸ்ட் 15 அன்று பெர்லினில் ஜெர்மனியை 8-1 என வென்றது தியான்சந்த் தலைமையிலான அணி. 1952 ஹெல்சிங்கி இறுதியாட்டத்தில் இந்தியா அடித்த 6 கோல்களில் 5 பல்பீர்சிங்குடையவை. 1948, 1956, 1964, 1980 ஆகிய ஆண்டுகளின் வெற்றிகளையும் சேர்த்து ஒலிம்பிக் பொற்பதக்கங்கள் எட்டு. கனடாச் சிறுவர் சட்டைப்பையில் வைத்துக் காத்திருக்கக்கூடிய அட்டைகளுக்கு இவற்றைவிடச் சிறந்த பொருள் ஏது?

ஆனால் இங்கே அட்டை இல்லை. பெர்லின் ஆட்டங்களுக்குப் படத்தொகுதி வெளியிட்டோர் ஜெர்மானியச் சிகரெட்டு நிறுவனத்தார். புகைப்போர் சேர்த்து ஒட்டும் படங்களோடு, குளிர்கால ஆட்டங்களுக்கு ஒன்றும் கோடைக்கால ஆட்டங்களுக்கு ஒன்றுமாக, 1936இல் இரு தொகுதிகள் வந்தன. வென்றவர் நாட்டிலோ அவ்வாறு ஒன்றும் எழவில்லை. இந்தியச் சிறுவர் 1980களிலும் 1990களிலும் சூயிங்கத்தோடு சேர்த்தவை பெரும்பாலும் கிரிக்கெட் வீரர் படங்களே.

அட்டையின் இடத்தைச் சிறிதளவு நிரப்பியது தபால்தலை. 1966இல் பாங்காக்கில் நடந்த ஐந்தாம் ஆசிய விளையாட்டில், இலக்குக் காவலர் சங்கர் லட்சுமண் தலைமையில் இந்தியா பாகிஸ்தானை 1-0 என வென்றது. அவ்வாண்டு டிசம்பர் 31 அன்று அவ்வெற்றிக்காக ஒரு தபால்தலை வெளியிடப்பட்டது. அது வெற்றியின் பெயரால் வந்தது. தனியொரு வீரரின் பெயரால் அன்று. தியான்சந்த் 1979 டிசம்பர் 3 அன்று மறைந்தார். அவர் உருவம் தாங்கிய தபால்தலை 1980இல் வெளிவந்தது. வெசினாவுக்கு ஆடத்தொடங்கிய மறு ஆண்டே கிடைத்தது, தியான்சந்துக்கு மறைந்த மறு ஆண்டில் கிடைத்தது. தபால்தலைக்குப் பின்புறம் பசை மட்டுமே உண்டு, கணக்கு இல்லை.

எழுதப்படாத தமிழ்த்தொகை

தமிழ் வீரர் சிலரை மட்டும் எடுத்துக்கொண்டாலும் இழப்பின் அளவு விளங்கும்.

செங்கற்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கத்தில் 1909இல் பிறந்த எம். ஜே. கோபாலன் இரு ஆட்டங்களிலும் நாட்டின் சார்பாக ஆடியவர். 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் அவரே. 1935இல் தியான்சந்தோடு நியூசிலாந்து சென்று ஹாக்கி ஆடினார். 1936இல் இரு வழிகள் முன்னின்றன. ஒன்று பெர்லினுக்கு ஹாக்கி. மற்றொன்று இங்கிலாந்துக்குக் கிரிக்கெட். கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். இங்கிலாந்தில் அவருக்கு ஒரு டெஸ்டிலும் ஆட வாய்ப்புக் கிட்டவில்லை. ஹாக்கி அணியோ பொற்பதக்கத்தோடு மீண்டது. 1934இல் கல்கத்தாவில் ஆடியதே அவருடைய ஒரே டெஸ்ட். 2003இல் சென்னையில் காலமானார். ஒரு சிறுகதைக்கும் ஒரு நெடுங்கவிதைக்கும் போதுமான வாழ்வு இது. ஓர் அட்டையின் பின்புறத்தில் ஆறு வரிகளில் அடங்கியிருந்தால், அறுபது ஆண்டுகளாகப் பிள்ளைகள் அதைப் படித்திருப்பர்.

சென்னையின் வி. ஜே. பீட்டர் 1960 ரோமில் வெள்ளி, 1964 டோக்கியோவில் தங்கம், 1968 மெக்சிகோவில் வெண்கலம் என மூவகைப் பதக்கமும் பெற்றவர். அவர் தம்பி வி. ஜே. பிலிப்ஸ் 1972 மியூனிக்கில் வெண்கலம் பெற்ற அணியிலும், 1975 மார்ச் 15 அன்று கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என வென்று உலகக் கோப்பை கொணர்ந்த அணியிலும் இருந்தார். மெக்சிகோ அணியில் முனீர் சேட்டும் கிருஷ்ணமூர்த்தி பெருமாளும் இருந்தனர். 1980 ஜூலை 29 அன்று மாஸ்கோவில் ஸ்பெயினை 4-3 என வென்று எட்டாம் பொற்பதக்கத்தைப் பெற்ற அணியின் தலைவர் வாசுதேவன் பாஸ்கரன். இந்தியாவின் கடைசி ஒலிம்பிக் ஹாக்கித் தங்கம் ஒரு தமிழர் தலைமையில் வந்தது என்பதைத் தமிழகப் பள்ளிப் பிள்ளைகளில் எத்துணைப் பேர் அறிவர்?

எல்லாவற்றினும் பெரிய இழப்பு தன்ராஜ் பிள்ளையைச் சார்ந்தது. புனேயை அடுத்த கட்கியில், தமிழ்ப் பெற்றோர்க்கு 1968இல் பிறந்தவர். இளமையில் பிறர் கழித்த உடைந்த மட்டைகளைக் கட்டி ஆடிப் பழகியவர். 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக். 1990 முதல் 2002 வரை நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு. 1998இல் பாங்காக்கில் அவர் தலைமையில் இந்தியா தென்கொரியாவை வென்று, 1966க்குப்பின் 32 ஆண்டுகள் கழித்து ஆசியப் பொற்பதக்கம் பெற்றது. அவர் அடித்த கோல்கள் எத்தனை? முறையான கணக்கு இல்லை. ஆட்டத்தை நிர்வகித்தோர் எண்ணி வைக்கவில்லை. 170க்கு மேல் என்பது அவரும் புள்ளிவிவர வல்லுநரும் சேர்ந்து கூறும் மதிப்பீடு மட்டுமே. கிரெட்ஸ்கியின் 894 கோல்களுக்கும் நாள் உண்டு, ஊர் உண்டு, எதிரணி உண்டு. கிரெட்ஸ்கி ஆடிய அதே பத்தாண்டில் ஆடிய தன்ராஜின் கோல்கள் காற்றில் கரைந்தன. பழைய ஏடுகளைச் செல்லரித்ததற்குக் காலத்தின் மேல் பழி போடலாம். செய்தித்தாளும் தொலைக்காட்சியும் இருந்த 1990களில் நேர்ந்த இழப்புக்கு அவ்வாறு பழி போட இடமில்லை.

தொகுக்கவேண்டிய பொழுது

இந்திய ஹாக்கி மீண்டும் எழுந்து நிற்கும் காலம் இது. 1980க்குப்பின் 41 ஆண்டுகள் கழித்து, 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம். 2024 பாரிசில் மீண்டும் வெண்கலம். 2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூரில் நடந்த ஆசியச் சாம்பியன் கோப்பையை இந்தியா மலேசியாவை 4-3 என வென்று பெற்றபோது, அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம் அவ்வணியில் இருந்தார். கோவில்பட்டியின் ஆடுகளங்கள் இன்றும் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. லடாக்கின் உறைந்த நீர்நிலைகளில் ஐஸ் ஹாக்கி பழகிய மகளிர் நிறைந்த இந்திய அணி 2025இல் ஆசியக் கோப்பையில் வெண்கலம் பெற்றது. இவர்களுக்கேனும் ஆடும் பொழுதே ஒரு தொகை எழவேண்டும்.

அதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. ஊர்தோறும் முன்னாள் வீரர்கள் இருக்கின்றனர். பெயர், பிறந்த ஊர், ஆடிய ஆண்டுகள், மறக்கவொண்ணாத ஓர் ஆட்டம் என நான்கு வரிகளைக் கேட்டு எழுதினால் அதுவே ஓர் அட்டை. பள்ளி மாணவர் செய்யலாம், நூலகம் செய்யலாம், இலக்கிய வட்டங்களும் செய்யலாம். பெயரை அளவாகச் சொல்லி நிலைநிறுத்தும் கலை கவிஞர்க்குப் புதியதன்று. விரித்துப் பாடுவோர் பின்னொரு நாள் வரக்கூடும், வராமலும் போகலாம். வந்தால் அவர் கையில் கொடுக்க ஒரு பட்டியல் இருக்கவேண்டும். சேக்கிழார் வருவார் என்று அறிந்து சுந்தரர் பாடவில்லை, எதிரே இருந்தவரையும் முன்பு இருந்தவரையும் எண்ணினார், பெயர் சொன்னார். 11 பாடல்கள் போதுமானதாயின.